கணக்கப்பிள்ளை பதில்கள்: வரி கட்டுகிறவர் யார்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி வரி பற்றியவை. காணி உறுதி, சீட்டுக்காசு, கூட்டுக் கணக்கு என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை கொஞ்சம் பொறுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். என் சம்பளம் 240,000 ரூபா. கைக்கு வரும் முன்பே வரியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். வாசலுக்கு மீன் கொண்டுவருகிறவர், பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற ஓட்டோக்காரர், இவர்களெல்லாம் ஒரு சதம் கட்டுவதில்லை. இந்த வரிக்கு எதிராக 2023 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தோம். என்ன கண்டோம்? நாட்டைச் சுமப்பது நாங்கள் மட்டும்தானா?
வங்கி உத்தியோகத்தர், உவர்மலை

பதில்: தம்பி, முதலில் உங்கள் கணக்கு, பிறகு மீன்காரர் கணக்கு.

2025 ஏப்ரல் தொடக்கம் மாதம் 150,000 ரூபா வரை வருமான வரி இல்லை. உங்களுக்கு மிஞ்சுவது 90,000. அதில் முதல் 83,333 ரூபாவுக்கு 6 சதவீதம், அது 5,000. மிச்சம் 6,667க்கு 18 சதவீதம், அது 1,200. மொத்தம் 6,200 ரூபா. அதற்கு முன், 2023 ஜனவரியில் வந்த முறையில் வரம்பு 100,000தான். இதே சம்பளத்துக்கு 18,600 ரூபா வெட்டியிருப்பார்கள். இப்போது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஒன்றும் காணவில்லை என்று சொல்ல வேண்டாம்.

ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. 2020இலிருந்து 2022 வரை வரம்பு மாதம் 250,000 ஆக இருந்தது. அன்று இந்தச் சம்பளம் வாங்கியிருந்தால் வருமான வரி பூச்சியம். அதன் பிறகு சாமான் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் இன்றைய 150,000 அன்றைய 75,000. வரம்பைக் கூட்டினார்கள் என்ற பேச்சை நான் பாதிதான் ஏற்றுக்கொள்வேன். இன்னொன்றையும் பலர் கவனிக்கவில்லை. முன்பு 6, 12, 18 என்று படி இருந்தது. நடுவிலிருந்த 12ஐ எடுத்துவிட்டார்கள். நீங்கள் இப்போது 18இன் படியில் நிற்கிறீர்கள். அடுத்த மாதம் ஓவர்டைமில் 10,000 கூட உழைத்தால் 1,800 அங்கேயே போய்விடும்.

சரி, மீன்காரர். அவருக்கு வருமான வரி இல்லை. ஏனென்றால் அவருடைய வருமானம் வருடத்துக்கு 18 இலட்சத்தைத் தாண்டுவதில்லை. வாடைக் காற்று தொடங்கினால் போட் கரையில், அந்த மாதங்களில் வருமானமும் கரையில். ஆனால் அவர் வீட்டிலும் சவர்க்காரம் வாங்குகிறார்கள், பற்பசை வாங்குகிறார்கள், காஸ் வாங்குகிறார்கள். சாமான் விலையோடு சேர்த்து எடுக்கும் வற் வரி (பெறுமதி சேர் வரி) 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். 118 ரூபா கொடுத்து வாங்கும் சாமானில் 18 ரூபா அரசாங்கத்துக்கு. அந்தக் குடும்பம் மாதம் 60,000 ரூபாவில் சீவிக்கிறது என்று வைப்போம். வற் இல்லாத அரிசி, மரக்கறி போன்றவற்றைக் கழித்து, வற் உள்ள சாமானுக்கு 30,000 போகிறது என்றால் அதற்குள் 4,576 ரூபா வரி. வருமானத்தில் 7.6 சதவீதம்.

நீங்களும் கடைக்குப் போகிறவர்தானே. வற் உள்ள சாமானுக்கு 90,000 செலவழிக்கிறீர்கள் என்று கொண்டால் அதில் 13,729. சம்பள வரி 6,200ஐயும் கூட்டினால் ஏறக்குறைய 20,000. உங்கள் வருமானத்தில் 8.3 சதவீதம். சின்னக் கடைகளின் இலாபப் பங்கில் வற் ஏறாமல் இருக்கலாம், அதைக் கழித்தால் இரண்டு எண்ணும் சற்று இறங்கும். 2022 ஒக்டோபரில் வந்த 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு வரியைச் சேர்த்தால் திரும்பவும் ஏறும். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சதவீதம் கூட வித்தியாசம் வராது. ஒரே வித்தியாசம், உங்களிடம் சம்பளத் துண்டு இருக்கிறது. அதைப் பார்த்துக் கோபப்படலாம். அவருக்கு அந்த வசதியும் இல்லை.

வரி கட்டாதவரைப் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் மேலே பாருங்கள். மாத முடிவில் ரியூஷன் மண்டபத்தில் ஒரு கூடை நிறையக் கடித உறை சேரும். அந்தக் காசுக்கு ரசீதைக் கண்டவர் உண்டா?

கேள்வி: ஐயா, என் கணவர் சம்மாட்டி ஒருவரின் போட்டில் தொழிலுக்குப் போகிறார். முன்பு சமுர்த்தி உதவிக்காசு கிடைத்தது. அதற்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது எங்கள் பெயர் இல்லை. ‘நீங்கள் வரியும் கட்டாமல் காசும் கேட்கிறீர்கள்’ என்று சொந்தக்காரர் ஒருவரே சொல்லிவிட்டார். வரி எங்கே கட்டுவது என்றே எனக்குத் தெரியாது.
இரண்டு பிள்ளைகளின் தாய், திருக்கடலூர்

பதில்: தங்கச்சி, நீங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மேலே தம்பிக்குச் சொன்ன கணக்கை அந்தச் சொந்தக்காரரிடம் கொடுங்கள். அத்தோடு சீனிக் கதையையும் சொல்லுங்கள்.

இறக்குமதிச் சீனிக்கு ஒரு கிலோவுக்கு 50 ரூபா விசேட பண்டத் தீர்வை இருந்தது. 2020 ஒக்டோபரில் அதை 25 சதமாக்கினார்கள். ரூபா அல்ல, சதம். உங்கள் கடையில் சீனி 50 ரூபா குறைந்ததா? இல்லை. அந்த இடைவெளி இறக்குமதிக்காரர்களின் பைக்குள் போனது என்று பாராளுமன்றத்திலேயே சண்டை நடந்தது. 2023 நவம்பரில் 25 சதம் மறுபடி 50 ரூபாவானது. இந்த முறை மட்டும் ஒரே இரவில் கடை வரை வந்துவிட்டது! பிளேன்ரீ குடிக்கிற ஏழைக்கும் அதே 50, கேக் கடைக்காரருக்கும் அதே 50.

மண்ணெண்ணெயையும் சிலர் வரி என்று எழுதியிருந்தார்கள். அது வேறு. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியது வரியால் அல்ல, மானியத்தை எடுத்ததால். ஆனால் போட் இயந்திரத்துக்கு ஊற்றுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். எண்ணெய்ச் செலவைக் கழித்துத்தானே சம்மாட்டி பங்கு பிரிப்பார்? ஆக விலை ஏறினால் முதலில் சுருங்குவது உங்கள் கணவரின் பங்கு. நாலைந்து போட் வைத்திருக்கும் சம்மாட்டி வருமான வரிக் கோவை திறந்திருக்கிறாரா என்பதை நீங்கள் கேட்க முடியாது. நான் கேட்டுவைக்கிறேன்.

அஸ்வெசும பற்றி: கல்வி, ஆரோக்கியம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவில் 22 அளவுகோல் வைத்து எடுக்கிறார்கள். மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500, வறிய குடும்பத்துக்கு 10,000 என்று 2025 ஜனவரியில் கூட்டினார்கள். கல் வீடு இருந்தால் புள்ளி மாறும், அதைச் சுனாமிக்குப் பிறகு யார் கட்டித் தந்தது என்று படிவம் கேட்காது. மேன்முறையீடு திறக்கும்போது கிராம சேவகரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கணவருக்குச் சொந்தமாகப் போட் இல்லை, பங்குக்குத்தான் போகிறார் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். போட்டில் போகிறவரையும் போட் சொந்தக்காரரையும் ஒன்றாகப் போட்ட படிவங்களை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: ஊருக்கெல்லாம் வரிக்கணக்குச் சொல்கிற நீங்கள் வரி கட்டுகிறீர்களா?
குறும்பன், பாலையூற்று

பதில்: வங்கி வட்டியில் பத்துக்கு ஒன்று போகிறது. பின்னேரம் குடிக்கும் தேத்தண்ணீரில் இரண்டு கரண்டி சீனி. வைத்தியர் ஒரு கரண்டி என்றார். மற்றக் கரண்டி நாட்டுக்காக.

கேள்வி: மத்திய வீதியில் சின்ன ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் பில்லில் 18 சதவீதம் என்று தனியாகப் போடுகிறார். நானும் போடலாமா? வாங்க வருகிறவர்களோ ‘பில் வேண்டாம், விலையைக் குறையுங்கள்’ என்கிறார்கள்.
கடை முதலாளி, திருகோணமலை

பதில்: முதலாளி, வற்றுக்குப் பதிந்தவர்தான் வற் அறவிடலாம். 2024 ஜனவரி முதல் வருட விற்பனை 6 கோடி ரூபாவைத் தாண்டினால் பதிய வேண்டும் என்று வைத்தார்கள். அதை 3 கோடி 60 இலட்சமாக இறக்கும் யோசனை 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. ஆகவே உங்கள் விற்பனையை மாதா மாதம் கூட்டி வையுங்கள். பதியாமல் பில்லில் 18 போட்டால் அது வரி அல்ல, களவு. பக்கத்துக் கடைக்காரர் பதிந்திருந்தால் அவர் பில்லில் வற் பதிவு இலக்கம் இருக்கும். இல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே விளங்கும்.

பில் வேண்டாம் என்கிறவர் யார் என்று கவனித்தீர்களா? நான் கணக்கு எழுதிய கடைகளில் கண்டது: ஒரு கிலோ ஆணி வாங்க வந்த மேசன் பில் கேட்பார், வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டும். இரண்டு மாடி வீட்டுக்கு ஓடும் கம்பியும் எடுக்க வருகிறவர்தான் பில் வேண்டாம் என்பார். கல்லாவுக்குக் கீழே ஒரு சின்னக் கொப்பி, மேலே ஒரு பெரிய கொப்பி. பெரிய கொப்பியை என்னிடம் தருவார்கள். சின்னதைக் கேட்டால் பிளேன்ரீ வரும்.

கேள்வி: வீட்டிலிருந்து வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். டொலரில் சம்பளம். எனக்கும் 36 சதவீதமா?
அலஸ்தோட்டம் இளைஞன்

பதில்: இல்லை. வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு, காசு வங்கி மூலம் வந்தால், 2025 ஏப்ரல் முதல் உச்சம் 15 சதவீதம். மாதம் 5 இலட்சம் ரூபா பெறுமதி வந்தால் உங்கள் வரி 45,000. அதே 5 இலட்சத்தைத் திருகோணமலையில் ஒரு நிறுவனத்தில் சம்பளமாக வாங்குகிறவருக்கு 86,000. டொலரை ஓட விடக்கூடாது என்பது அரசாங்கத்தின் பயம், அது விளங்குகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க நிற்கிற விசேட வைத்தியர் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்? அவருக்கும் கடவுச்சீட்டு இருக்கிறது. கன பேர் அதை எடுத்துக்கொண்டு போயும் விட்டார்கள்.

கேள்வி: இந்தியாவில் 12 இலட்சம் வரை வரி இல்லையாம். திருச்சியில் இருக்கும் மச்சாள் பெருமை பேசுகிறாள். நாம் ஏன் அப்படிச் செய்யக்கூடாது?
வாசகி, நிலாவெளி

பதில்: அது வருடத்துக்கு, இந்திய ரூபாவில். 2025 பெப்ரவரி பட்ஜெட்டில் புதிய முறையைத் தெரிந்தவர்களுக்கு வந்த சலுகை. நம் காசில் ஏறக்குறைய 40 இலட்சம், ஆகவே பெருமை பேசட்டும். கடைக்குப் போனால் அவருக்கும் ஜி.எஸ்.டி. இருக்கிறது. சொத்து வரியை அங்கே 2015இல் எடுத்துவிட்டார்கள், மரண சொத்து வரியை 1985இலேயே. பெரிய பணக்காரரிடம் தயக்கம் பாக்கு நீரிணைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

கேள்வி: வருமானம் கூடக் கூட வரி வீதம் கூடுவதுதான் முற்போக்கு வரி என்று பாடத்தில் படித்தோம். நம் நாட்டில் அது நடக்கிறதா? பணக்காரரிடம் ஏன் இன்னும் எடுக்கக்கூடாது?
உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவி, மூதூர்

பதில்: பிள்ளை, பரீட்சையில் ‘ஆம், 6 முதல் 36 வரை’ என்று எழுதுங்கள். புள்ளி கிடைக்கும். பரீட்சைக்கு வெளியே கதை வேறு.

வருமான வரி இலங்கைக்கு வந்தது 1932இல். சுதந்திரத்துக்குப் பிறகு 1958இல் நிக்கலஸ் கால்டோர் என்ற பொருளியலாளரைக் கூப்பிட்டார்கள். உழைப்பை மட்டும் பார்க்காதே, சொத்தையும் செலவையும் பார் என்பது அவர் யோசனை. 1959இல் சொத்து வரியும் செலவு வரியும் வந்தன. இறந்தவரின் ஆதனத்துக்கும் அந்தக் காலத்தில் வரி இருந்தது. இன்று மூன்றும் இல்லை. பிறகு நீண்ட காலம் அரசாங்கத்துக்கு வந்த வரியில் நூற்றுக்கு எண்பது சாமான் விலைக்குள் இருக்கும் மறைமுக வரி, இருபதுதான் வருமானத்தில் எடுக்கும் நேரடி வரி. அண்மையில் நேரடிப் பங்கு கொஞ்சம் ஏறியது. அதில் ஒரு பகுதி உவர்மலைத் தம்பி போன்ற சம்பளக்காரரின் முதுகில்.

2019 டிசம்பரில் வற் வரியை 15இலிருந்து 8க்கு இறக்கினார்கள். பதிய வேண்டிய வரம்பை வருடத்துக்கு 1 கோடி 20 இலட்சத்திலிருந்து 30 கோடியாக ஏற்றினார்கள். கஜானா வற்றியது. கொரோனா வந்தது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த நெருக்கடிக்குக் கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொறுப்பு என்று 2023 நவம்பர் 14இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு அவர்கள் பெயரில். பில் நம் பெயரில்.

அந்த பில் எப்படிப் பிரிக்கப்பட்டது என்பதைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் செய்த உடன்பாட்டில் வற் வருமானத்தைக் கூட்டுவதும் இருந்தது, 2025க்குள் நாடு முழுவதற்கும் ஆதன வரி, நன்கொடை வரி, மரபுரிமை வரி கொண்டுவருவதும் இருந்தது. வற் 18 ஆனது. மற்ற மூன்றும் 2025 முடிந்தும் வரவில்லை. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று 2023 யூலையில் பாராளுமன்றம் கூடியபோது வங்கிகளை விட்டுவிட்டார்கள். ஊழியர் சேமலாப நிதியிடம் குறைந்த வட்டிக்குப் புதிய கடன் முறிகளை எடு, இல்லாவிட்டால் உன் வருமானத்துக்கு இருக்கும் 14 சதவீத வரி 30 ஆகும் என்றார்கள். அந்த நிதி யாருடையது? தோட்டத் தொழிலாளி, ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளை, சீனக்குடா மில்லில் மூட்டை ஏற்றுகிறவர், எல்லாருடைய வயதுகாலக் காசும் அதில்தான் கிடக்கிறது. மறு பக்கம், கொழும்புத் துறைமுக நகரில் முதலிடுகிறவருக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் 40 வருடம் வரை வரி விலக்குக் கொடுக்க இடம் வைத்தார்கள்.

கொழும்பு தூரம் என்றால் மூதூரிலிருந்து பஸ் ஏறி நிலாவெளிக்குப் போய்ப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் வீதியோரமாக முள்ளுக்கம்பி அடித்த காணிகள். உள்ளே பற்றை, இரண்டு வடலி, ‘விற்பனைக்கல்ல’ என்று ஒரு பலகை. சொந்தக்காரர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ. கதவு பூட்டியபடியே அந்தக் காணியின் விலை வருடா வருடம் ஏறுகிறது. விற்கும் நாளில் மூலதன ஆதாய வரி உண்டு. விற்காமல் வைத்திருக்கும் வரை, சோலைவரிப் பகுதிக்குள் இருந்தால் உள்ளூராட்சிச் சபைக்கு ஒரு சிறு தொகை, அவ்வளவுதான். அதே காணிக்கு முன்னால் கருவாடு காயப்போடுகிற பெண் அன்று வாங்கிய சவர்க்காரத்துக்கு 18 சதவீதம் கொடுத்திருக்கிறாள்.

பணக்காரரிடம் கூட எடுத்தால் முதலீடு ஓடிவிடும் என்று உங்கள் வகுப்பில் யாராவது வாதாடுவார்கள். முதலீடு ஓடலாம். நிலாவெளிக் காணி எங்கே ஓடும்? அதனால்தான் முதலில் நிலத்துக்கு வரி என்கிறேன்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் இல்லை. ஓய்வூதியமும் 25 இலட்ச ரூபா நிலையான வைப்பு வட்டியும்தான் வாழ்க்கை. வட்டியில் முன்பு 5 சதவீதம் வெட்டினார்கள், இப்போது 10. எனக்கும் வரி உண்டா?
சாம்பல்தீவு

பதில்: ரீச்சர், உங்களுக்கு வரி இல்லை. வெட்டுவது மட்டும் நடக்கிறது. அரச ஓய்வூதியத்துக்கு வருமான வரி கிடையாது. 25 இலட்சத்துக்கு 8 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 2 இலட்சம். 18 இலட்ச வரம்புக்குக் கிட்டவும் வராது. ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால் வங்கிக்குத் தெரியாது, 20,000 ரூபாவை நிறுத்தி வைத்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடும்.

செய்ய வேண்டியது: ரின் இலக்கம் (வரி செலுத்துவோரின் அடையாள இலக்கம்) இல்லாவிட்டால் முதலில் அதை எடுங்கள். அடையாள அட்டையோடு இணையத்திலேயே பதியலாம், பேரப்பிள்ளை ஒருவரைப் பிடியுங்கள். ரின் எடுத்தால் வரி கட்ட வேண்டி வரும் என்று பயப்பட வேண்டாம், அது வெறும் இலக்கம். பிறகு வங்கியில் சுயபிரகடனப் படிவம் கேளுங்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் இல்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால் வெட்டமாட்டார்கள். இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். மகளோடு சேர்ந்த கணக்கென்றால் மகளும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்குகிறது, படிவம் வருடா வருடம் புதிதாகக் கொடுக்க வேண்டும். போன வருடம் கொடுத்தேனே என்று இருந்துவிடாதீர்கள். கவுண்டரில் இருக்கும் பிள்ளை ‘அப்படி ஒரு படிவம் இல்லை’ என்றால் முகாமையாளரிடம் போங்கள். ஏற்கனவே வெட்டியதைத் திருப்பிக் கேட்கலாம். அதற்கு வங்கியிடம் நிறுத்திவைத்த வரிக்கான சான்றிதழ் வாங்கி, வருமான விபரத் திரட்டோடு திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும். காசு வரச் சுணங்கும். சான்றிதழை மட்டும் இந்த மாதமே கேட்டு வையுங்கள்.